கேட்கிறது, புரியவில்லை: முதியோரின் செவித்திறனும் காது மிஷினும்

என் பெரியம்மாவின் காது மிஷின், அது வந்த அதே டப்பாவில், பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகன் நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கித் தந்தான். பெரியம்மா முதல் வாரம் ஆசையோடு போட்டிருந்தார். "பாத்திரம் விழுந்தா இடி விழுந்த மாதிரி இருக்குடா. நீங்க பேசுறதுதான் முன்ன மாதிரியே வெளங்க மாட்டேங்குது" என்றார். இரண்டாம் வாரம் கழற்றி வைத்துவிட்டார். விற்ற கடைக்கு யாரும் அவரைத் திரும்ப அழைத்துப் போகவில்லை. கடையிலிருந்தும் யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. "அவங்களுக்கு அது ஒத்துவரலை" என்று குடும்பம் முடிவு கட்டிவிட்டது. எழுபத்தெட்டு வயதாகும் பெரியம்மா இப்போது கல்யாண வீடுகளில் எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிறார். யாராவது கேள்வி கேட்டாலும் சிரிக்கிறார்.

முதுமையில் காது கேளாமை பற்றி வெளிவந்துள்ள ஆய்வுகளைப் படிக்கப் படிக்க, பெரியம்மா சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களில் விஷயத்தின் பாதி அடங்கியிருந்தது எனக்குப் புரிந்தது. சத்தம் கூடியது, பேச்சு தெளியவில்லை. அது மிஷினின் கோளாறா, காதின் கோளாறா, பெரியம்மாவின் பிடிவாதமா? மூன்றும் இல்லை என்பதுதான் நான் கண்டது. மிஷின் கைமாறியதும் வேலை முடிந்தது என்று மகனும் கடைக்காரரும் நானும் நினைத்தோம். அங்கேதான் தவறு நடந்தது. இந்தத் தவறை ஒரு குடும்பம் மட்டும் செய்யவில்லை. அரசுத் திட்டங்களும் சந்தையும் சேர்ந்து இதையே பெரிய அளவில் செய்துகொண்டிருக்கின்றன.

முதலில் அளவைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் செவித்திறன் பற்றிய தன் முதல் உலக அறிக்கையை வெளியிட்டது. உலகில் 150 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதோ ஓர் அளவில் காது மந்தம் இருக்கிறது. அவர்களில் 43 கோடிப் பேருக்கு மருத்துவமோ கருவியோ பயிற்சியோ கட்டாயம் தேவை என்கிறது அது. 60 வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் இந்தக் கட்டாயத் தேவைப் பிரிவில் வருகிறார்கள். அமெரிக்காவில் எடுத்த கணக்குப்படி, 70 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குச் செவித்திறன் குறைந்திருக்கிறது. காது மிஷினால் பயன்பெறக்கூடியவர்களில் அதை உண்மையில் பயன்படுத்துவோர் உலக அளவில் 17 விழுக்காட்டினரே. தமிழ்நாட்டு மக்களில் 2021-ஆம் ஆண்டுக் கணிப்பின்படி 13.6 விழுக்காட்டினர் அறுபதைத் தாண்டியவர்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. ஆகவே இந்தப் பிரச்சினை நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது.

காதுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கோபம் அடங்கும். நத்தை ஓடுபோல் சுருண்ட காக்ளியா என்ற உறுப்புக்குள், ஒவ்வொரு காதிலும், ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றில் உள்வரிசையைச் சேர்ந்த மூவாயிரத்து ஐந்நூறு செல்கள்தான் ஒலியை மூளைக்கு அனுப்புகின்றன. வெளிவரிசையைச் சேர்ந்த பன்னிரண்டாயிரமும் மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுத்து, ஒன்றையொன்று ஒத்த ஒலிகளைப் பிரித்துக் காட்ட உதவுகின்றன. பறவைகளுக்கு இந்தச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைக்கும். மனிதருக்கு முளைப்பதில்லை. சுருளின் வாசலில் இருப்பவை கீச்சுக்குரல் போன்ற உயர் அலைவரிசை ஒலிகளுக்கானவை. உள்ளே போகப் போகத் தாழ்ந்த ஒலிகளுக்கானவை. வயதோடு முதலில் உதிர்வது வாசலில் இருப்பவை. வெளிவரிசைச் செல்கள் போனால் காதுக்குள்ளேயே இயற்கை வைத்திருந்த பெருக்கியும் சல்லடையும் ஒன்றாகப் போய்விடுகின்றன.

இதைத் தமிழில் வைத்துப் பாருங்கள். உயிர் ஒலிகளும் ம, ன போன்ற மெல்லின ஒலிகளும் தாழ்ந்த அலைவரிசையில் வலுவாக ஒலிப்பவை. க, ச, ட, த, ப என்ற வல்லினங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் குறிப்புகளோ பெரும்பாலும் மேல் அலைவரிசையில், மிக மெல்லியதாக, கண நேரமே இருப்பவை. மேல் அலைவரிசை போன காதுக்குப் பட்டு, கட்டு, தட்டு மூன்றும் ஒரே சொல். 'அம்மா' என்று கூப்பிட்டால் அந்தக் காது திரும்பும். 'தட்டை எடுத்துட்டு வாங்க' என்றால் ஏதோ ஒன்றை எடுக்கச் சொல்கிறார்கள் என்ற அளவில் நின்றுவிடும். ஆண்களின் கட்டைக் குரல் கேட்கும், பேத்தியின் மெல்லிய குரல் நழுவிப்போகும். நாம் என்ன சொல்கிறோம்? "வேணும்கிறது மட்டும் நல்லா கேக்குது" என்கிறோம். பல வீடுகளில் பெரியவர்கள் மேல் சுமத்தப்படும் இந்தப் பழி முழுக்க முழுக்கப் பொய். அவர்கள் தேர்ந்தெடுத்துக் கேட்கவில்லை, காதுதான் சிலவற்றை விட்டுவிடுகிறது. நானும் பெரியம்மாவிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு கொடுமையும் உண்டு. மெல்லிய ஒலி கேட்காத காதுக்குப் பெரிய ஒலி மட்டும் பழையபடி பெரிதாகவே கேட்கும். கேட்கத் தொடங்கும் அளவுக்கும் தாங்க முடியாத அளவுக்கும் இடையிலுள்ள வெளி சுருங்கிவிடுகிறது. அதனால்தான் தாத்தா "என்ன சொன்னே?" என்று கேட்கிறார், நாம் கத்துகிறோம், உடனே "ஏன் இப்படிக் கத்துறே?" என்கிறார். இரண்டும் உண்மை. இதன் மேல் மின்விசிறிச் சத்தம், ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சி, டைல்ஸ் பதித்த கூடத்தின் எதிரொலி எல்லாம் சேரும்போது, முழுக் காது உள்ளவர் சுலபமாகப் பிரித்தெடுக்கும் பேச்சு முதியவருக்கு இரைச்சலாகவே கரைந்துபோகிறது. கல்யாண மண்டபம் அவருக்கு முற்றிலும் மூடிய கதவு.

வயது மட்டுமே காரணம் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. நம் ஊரின் உழைப்புக்கும் இதில் பெரும் பங்கு இருக்கிறது. குமாரபாளையம், பள்ளிபாளையம், சோமனூர் பக்கம் விசைத்தறிக் கூடத்தில் ஒரு மணி நேரம் நின்றவருக்குத் தெரியும். அங்கே தறி ஓட்டுபவர்கள் கையசைவிலும் உதட்டசைவிலும் பேசிக்கொள்கிறார்கள். நாடா அடிக்கும் தறிகளின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும். தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பே 90 டெசிபல்தான். 85-ஐத் தாண்டினாலே காதுக்குக் கேடு என்பது உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. இரைச்சலால் வரும் காது கேளாமை, 2025 வரை நடப்பிலிருந்த நம் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் பொருந்தியது; வீட்டோடு ஒட்டிய நாலு தறிக் கூடம் அதற்குள் வரவில்லை. முப்பது ஆண்டு தறி ஓட்டியவர் அறுபது வயதில் இழப்பது எண்பது வயதுக்காரர் இழப்பதற்குச் சமமாக இருக்கக்கூடும். அதை 'வயசாயிடுச்சு' என்று எழுதிக்கொள்வது அநியாயம்.

காசநோய்க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, ஜென்டாமைசின், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் ஆகிய மருந்துகளும் மயிரிழைச் செல்களைக் கொல்லக்கூடியவை. சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் கேட்டை விரைவுபடுத்துகின்றன. சிறு வயதில் காதில் சீழ் வடிந்து, கவனிக்காமல் விட்டு, செவிப்பறையில் ஓட்டையோடு முதுமைக்கு வந்தவர்களும் நம்மிடையே ஏராளம். கடைசியாக, மிக எளிய காரணம் ஒன்று: குறும்பி. முதியவர்களின் காதில் குறும்பி கல்லாக இறுகி அடைத்திருப்பது சாதாரணம். மருத்துவர் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுவார். மிஷின் வாங்கக் கிளம்பும் முன் இதைப் பார்க்காமல் போகவே கூடாது. செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று தெரியாமல் காய்ச்சின எண்ணெய் விடுவதும், ஊக்கையும் கோழியிறகையும் விட்டுக் குடைவதும் நல்லதல்ல. ஒரு காது மட்டும் ஓரிரு நாளில் திடீரென்று அடைத்துப்போனால் அது அவசர சிகிச்சைக்குரியது. தானாகச் சரியாகும் என்று காத்திருந்தால் சிகிச்சைக்கான நாட்கள் கடந்துபோய்விடும்.

காது கேளாமை காதோடு நிற்பதில்லை என்ற எண்ணம் ஆய்வுலகில் வலுப்பட்டது கடந்த பதினைந்து ஆண்டுகளில்தான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் லின் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு திருப்பம். பால்டிமோரில் நீண்ட காலம் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 639 பேரில், லேசான செவித்திறன் இழப்பு உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு, நடுத்தர இழப்புக்கு மூன்று மடங்கு, கடுமையான இழப்புக்கு ஐந்து மடங்கு என்று அவர் கண்டார். தவறி விழும் ஆபத்தும் கூடுவதை அடுத்த ஆண்டு இன்னோர் ஆய்வில் காட்டினார். அரைகுறையாக வரும் ஒலியைப் புரிந்துகொள்ள மூளை தன் வலுவையெல்லாம் செலவிடுகிறது, நினைவுக்கு மிச்சம் இருப்பதில்லை என்பது ஒரு விளக்கம். பேச்சு குறைந்து தனிமை கூடுவதால் அறிவு மங்குகிறது என்பது இன்னொரு விளக்கம். மறதி நோய் குறித்த லான்செட் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, தடுக்கக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டு, நடுவயதுச் செவித்திறன் இழப்புக்கு மொத்த மறதி நோயில் 7 விழுக்காட்டுப் பங்கு கொடுத்தது. கெட்ட கொழுப்புக்கும் அதே 7. தனிக் காரணிகளில் இவையே பெரியவை.

அப்படியானால் மிஷின் போட்டால் மறதி நோயைத் தடுக்கலாமா? விளம்பரங்கள் இந்த இடத்தில்தான் வேகமாக ஓடுகின்றன. நாம் நிதானிக்க வேண்டும். பிரிட்டனின் மாபெரும் தரவுத் தொகுப்பை வைத்து 2023 ஏப்ரலில் ஒரு கட்டுரை வந்தது. காது மிஷின் போடுபவர்களுக்கு ஆபத்து குறைகிறது என்று அது சொன்னதை உலகெங்கும் செய்தியாக்கினார்கள். மிஷின் போட்டவர் யார், போடாதவர் யார் என்ற குறியீட்டிலேயே பிழை இருந்தது தெரியவந்து, அதே ஆண்டு டிசம்பரில் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்ற செய்தி அந்த அளவு பரவவில்லை.

அதே 2023-இல் வந்த 'அச்சீவ்' என்ற ஆய்வு இதைவிட நம்பத்தக்கது. 70 முதல் 84 வயதுக்குட்பட்ட 977 அமெரிக்கர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் காது மிஷினும் செவியியல் நிபுணரின் தொடர் ஆலோசனையும், மறு பாதிக்குப் பொதுவான உடல்நலக் கல்வியும் மூன்று ஆண்டுகள் கொடுத்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் அறிவாற்றல் குறையும் வேகத்தில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் இதய நோய் ஆய்வு ஒன்றில் பல ஆண்டுகளாக இருந்து வந்த 238 பேரை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, மிஷின் போட்டவர்களிடம் அந்த வேகம் 48 விழுக்காடு குறைந்திருந்தது. அவர்கள் ஏற்கெனவே ஆபத்து அதிகம் உள்ளவர்கள். என் முடிவு இதுதான்: இதய நோயும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ள முதியவருக்கு மிஷின் மூளையையும் காக்கலாம் என்று நம்ப இடம் இருக்கிறது, எல்லாருக்கும் காக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. மறதி நோய் வரும் என்று பயமுறுத்தி மிஷின் விற்பது தவறு. பேத்தியோடு பேச முடிகிறது என்பதைவிடப் பெரிய காரணம் மிஷினுக்குத் தேவையில்லை.

ஒரு விஷயம் மருத்துவர்களுக்கும் தெரிய வேண்டும். மறதிச் சோதனை பெரும்பாலும் வாய்மொழியாகவே நடக்கிறது. மூன்று சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள். அந்த மூன்று சொல்லும் காதிலேயே விழாதவருக்கு மறதி நோய் என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு.

மிஷினின் வரலாறு நூறாண்டுக்குச் சற்று மேல். 1898-இல் அமெரிக்காவின் மில்லர் ரீஸ் ஹட்சிசன் மின்சாரத்தில் இயங்கும் கருவி ஒன்றை உருவாக்கினார். அது மேசை மேல் வைக்கும் அளவு பெரியது. 1952-இன் இறுதியில் டிரான்சிஸ்டர் வைத்த காது மிஷின் கடைக்கு வந்தது. டிரான்சிஸ்டர் வானொலிக்கே அதன் பிறகுதான் காலம் வந்தது. 1990-களின் நடுவில் முழு டிஜிட்டல் மிஷின் வந்தது. எந்த அலைவரிசையில் எவ்வளவு இழப்போ அந்த இடத்தில் மட்டும் கூட்டுவது, மெல்லிய ஒலியை அதிகமாகவும் பெரிய ஒலியைக் குறைவாகவும் கூட்டுவது என்பதெல்லாம் இதனால் எளிதாயின. நல்ல மிஷினுக்கும் மருந்துக் கடையில் சில நூறு ரூபாய்க்குத் தொங்கும் ஒலிபெருக்கிக்கும் வித்தியாசம் இங்கேதான். மலிவான பெருக்கி எல்லாவற்றையும் கூட்டும், அதிலும் கூட்டத் தேவையில்லாத தாழ்ந்த ஒலிகளையே கூடுதலாகக் கூட்டும். விசிறிச் சத்தம் பேய்க்காற்றாகும், பேச்சு பழைய இடத்திலேயே நிற்கும்.

ஆனால் நல்ல மிஷினும் சரியாக அமைக்கப்படாவிட்டால் அந்த மலிவுப் பெருக்கியைப் போலத்தான். பெரியம்மாவுக்கு நடந்தது அது. செவிச் சோதனையின் வரைபடமான ஆடியோகிராமைப் பார்த்துத் தொடக்க அமைப்பு செய்வது முதல் படி மட்டுமே. பல ஆண்டுகளாக அமைதிக்குப் பழகிய மூளை, தண்ணீர் ஒழுகுவதையும் தாள் கசங்குவதையும் செருப்புச் சத்தத்தையும் மறுபடி கேட்டுத் திகைக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும், எதை ஒதுக்க வேண்டும் என்று அது திரும்பக் கற்றுக்கொள்ள வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள் ஆகும். முதலில் வீட்டுக்குள் இரண்டு மணி நேரம், ஒருவரோடு மட்டும் பேச்சு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கடைத்தெரு, கோயில் என்று கூட்ட வேண்டும். இடையில் இரண்டு மூன்று முறை நிபுணரிடம் போய், 'பாத்திரச் சத்தம் தாங்கலை', 'பேரன் பேசுறது புரியலை' என்று சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும். கண்ணாடி போட்ட நொடியில் எழுத்து தெளிகிறது. காது மிஷினிடமும் நாம் அதையே எதிர்பார்க்கிறோம், அந்த எதிர்பார்ப்பு பொய்க்கிறது.

மிஷின் வாங்கியும் போடாதவர்கள் ஏன் போடுவதில்லை என்று வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். 'பேச்சு தெளிவாகவில்லை, இரைச்சலில் உதவவில்லை' என்பதுதான் அவர்கள் கண்ட முக்கியக் காரணம். காதில் உறுத்துகிறது, போடவும் கழற்றவும் பராமரிக்கவும் தெரியவில்லை என்பவை அடுத்து வந்தன. பிரிட்டனில் 1948-இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோதே 'மெட்ரெஸ்கோ' என்ற காது மிஷினை இலவசமாகக் கொடுத்தார்கள், இன்றும் இலவசம்தான். அங்கேயும் பல மிஷின்கள் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. விலை பெரிய தடை என்பது உண்மை. விலையை நீக்கினால் மட்டும் போதாது என்பதும் அதே அளவு உண்மை.

நம் ஊரில் இதற்கு மேலும் சில தடைகள் சேர்கின்றன. சட்டைப்பையில் வைக்கும் பழைய பெட்டி மிஷின் ஆண்களை நினைத்துச் செய்தது. சேலை கட்டும் பெண்கள் அதை ரவிக்கைக்குள் வைத்தால் துணி உரசும் சத்தம்தான் காதில் நிறையும். காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷினுக்கு அங்கே ஏற்கெனவே கண்ணாடித் தண்டு இருக்கிறது. கொரோனா காலத்தில் முகக்கவச நாடாவும் சேர்ந்தது. கவசத்தைக் கழற்றும்போது மிஷின் தெறித்து விழுந்து தொலைந்தவர்கள் உண்டு. அதே கவசம் உதட்டையும் மறைத்து, உதட்டைப் பார்த்துச் சமாளித்து வந்தவர்களை முற்றிலும் கைவிட்டது. 312 எண் பேட்டரி ஒரு கடலைப் பருப்பை ஒத்தது. கண்புரையும் நடுங்கும் விரலும் உள்ளவர் அதை வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். ஒட்டியிருக்கும் வண்ணத்தாளை உரித்ததும் காற்றுப்பட்டு அது வேலை செய்யத் தொடங்கிவிடும், மறுபடி ஒட்டிச் சேமிக்க முடியாது. இதை யாரும் சொல்லித்தராததால், வாங்கிய அட்டை முழுவதையும் உரித்துப் பார்த்துவிட்டு 'பேட்டரி நிக்க மாட்டேங்குது' என்பவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகள் விழுங்கினால் அது பேராபத்து என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றும் வியர்வையும் மிஷினைத் துருப்பிடிக்க வைக்கும். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைப்பதுதான் மிகச் சிறந்த பராமரிப்பு. அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

வெட்கம் ஒரு தனித் தடை. கண்ணாடி போட்டவரைப் படித்தவர் என்கிறோம். காது மிஷின் போட்டவரைக் கிழவர் என்கிறோம். 'செவிட்டு' என்ற சொல்லை வசவாகவே வைத்திருக்கிறோம், 'டமாரம்' என்று கேலி செய்கிறோம், நம் திரைப்பட நகைச்சுவையில் காது கேளாதவர் சிரிப்புக்குரிய பாத்திரமாகவே பல காலம் வந்துபோனார். செவிடன் காதில் சங்கு ஊதுவது என்ற பழமொழி, கேட்க முடியாததையும் கேட்க மறுப்பதையும் ஒன்றாக்கிவிடுகிறது. அப்படிப்பட்ட சமூகத்தில் கண்ணுக்குத் தெரியாத மிஷின்தான் வேண்டும் என்று ஒருவர் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காதுக்குள் மறையும் சிறு மிஷின் பலருக்கு ஒத்துவராது. கடுமையான இழப்புக்குப் போதாது, விரல் நடுங்குபவருக்குக் கையாள முடியாது. அமெரிக்க அதிபர் ரொனால்டு ரேகன் 1983-இல் பதவியில் இருந்தபோதே காது மிஷினோடு பொதுவெளிக்கு வந்தது அங்கே பெரிய செய்தியானது. நம் மேடைகளில் அமர்ந்திருக்கும் பெரியவர்களும் அப்படி வெளிப்படையாகப் போட்டுக்கொண்டால், அது ஆயிரம் விளம்பரத்தைவிட அதிகம் சாதிக்கும்.

விலைக்கு வருகிறேன். உலகக் காது மிஷின் சந்தையின் பெரும்பகுதி சோனோவா, டிமாண்ட், டபிள்யூஎஸ் ஆடியாலஜி, ஜிஎன், ஸ்டார்கி என்ற ஐந்து நிறுவனங்களின் கையில் இருக்கிறது. நம் ஊரில் ஓரளவு தரமான டிஜிட்டல் மிஷின் ஒன்று சில பத்தாயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டிப் போகிறது, அதுவும் ஒரு காதுக்கு. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு 1965-இலிருந்தே காது மிஷினைச் சேர்க்கவில்லை. அதனால் அங்கே எழுந்த அழுத்தத்தின் பலனாக 2017-இல் சட்டம் இயற்றி, 2022 அக்டோபர் 17 முதல் லேசான, நடுத்தர இழப்புள்ள பெரியவர்கள் மருத்துவச் சீட்டின்றிக் கடையில் மிஷின் வாங்க அனுமதித்தார்கள். 2024 செப்டம்பரில் ஆப்பிளின் ஏர்பாட்ஸ் புரோ இயர்போனையே காது மிஷினாகப் பயன்படுத்தும் மென்பொருளுக்கும் அனுமதி கிடைத்தது. தென்னாப்பிரிக்காவில் 64 பேரிடம் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வில், செல்பேசிச் செயலி மூலம் தாமே அமைத்துக்கொண்டவர்களும் நிபுணரிடம் அமைத்துக்கொண்டவர்களும் ஆறு வாரத்தில் ஏறக்குறைய ஒரே பலன் பெற்றார்கள். இது நல்ல செய்தி, நம்பிக்கை தரும் செய்தி. ஆயினும் செல்பேசியை விரல்நுனியில் வைத்திருக்கும் அறுபது வயதுக்காரருக்கு உதவுவது, எழுத்துக் கூட்டிப் படிக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கு உதவாது. அவருக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் வேண்டும்.

அந்த மனிதரை நம் அரசுத் திட்டங்கள் கொடுக்கின்றனவா? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் ஒருவரைச் செவித்திறன் குறையுடையவராகக் கொள்கிறது, 70 என்றால் காது கேளாதவர். உலக சுகாதார நிறுவனமோ நல்ல காதில் 35 டெசிபலைத் தாண்டினாலே உதவி தேவை என்கிறது. சாதாரணப் பேச்சின் அளவே 60 டெசிபல் அளவில்தான் இருக்கிறது. 35-க்கும் 60-க்கும் இடையில் நிற்பவர்கள்தான் நம் முதியவர்களில் பெரும்பாலோர். சான்றிதழின் கணக்கில் அவர்களுக்குக் குறை இல்லை. வீட்டுப் பேச்சில் அவர்களுக்கு இடமும் இல்லை. இந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப வந்தது 2017 ஏப்ரலில் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம். ஏழை முதியோருக்கு ஊன்றுகோல், கண்ணாடி, பல்செட், சக்கர நாற்காலியோடு காது மிஷினையும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். கான்பூரிலுள்ள அலிம்கோ நிறுவனம் கருவிகளைத் தருகிறது. இதை நான் மனமார வரவேற்கிறேன். என் குறை ஒன்றே ஒன்று. ஊன்றுகோலைக் கையில் கொடுத்த நிமிடத்தில் அது வேலை செய்யும், காது மிஷின் செய்யாது. முகாம் ஒரு நாளில் முடிகிறது. காது பழக மூன்று மாதம் ஆகிறது. அந்த மூன்று மாதத்துக்கு ஆள் இல்லாத திட்டம், கொடுத்த மிஷின்களின் எண்ணிக்கையைக் காட்டும். போட்டிருக்கும் காதுகளின் எண்ணிக்கையைக் காட்டாது.

பயிற்சி பெற்ற செவியியல் நிபுணர்கள் நகரங்களில் குவிந்திருக்கிறார்கள். கிராமத்துக்கு அவர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பயிற்சி அளிக்கப்பட்ட உள்ளூர்ப் பணியாளர்களே முதியோருக்குச் செவிச் சோதனை செய்து, மிஷின் பொருத்தி, தொடர்ந்து கவனிக்கலாம் என்கிறது. தமிழ்நாட்டில் அதற்கான கட்டமைப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்தம் பார்க்கவும் சர்க்கரை மாத்திரை கொடுக்கவும் பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். அதே வாசலில், ஒரு கை நீளம் தள்ளிப் பின்னால் நின்று நான்கு சொற்களை மெல்லக் கிசுகிசுத்துத் திரும்பச் சொல்லச் சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். மிஷின் வைத்திருப்பவரிடம் 'போடுறீங்களாம்மா? பேட்டரி இருக்கா? உறுத்துதா?' என்று கேட்க இன்னொரு நிமிடம். மக்கள் நல்வாழ்வுத் துறை இதைக் கட்டாயப் பணியாக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

வீட்டார் செய்யக்கூடியவை பணம் கேட்காதவை. பேசும் முன் பெயர் சொல்லி அழையுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி எதிரே உட்காருங்கள். தொலைக்காட்சியை அணையுங்கள். கத்தாமல், சற்று நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள். ஒருமுறை புரியாவிட்டால் அதே வாக்கியத்தை உரக்கச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள். மூன்றாம் முறை கேட்டாலும் "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். காது கேளாத முதியவர்களை எல்லாவற்றையும்விட அதிகமாக வருத்துவது அந்த வார்த்தைதான் என்று பெரியம்மா என்னிடம் சொன்னார்.

உங்கள் வீட்டு பீரோவிலும் ஒரு காது மிஷின் இருக்கலாம். இந்த வாரமே அதை வெளியே எடுங்கள். காதில் குறும்பி இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள், புதுப் பேட்டரி போடுங்கள், பெரியவரையும் கூட்டிக்கொண்டு செவியியல் நிபுணரிடம் போய், எந்தச் சத்தம் தாங்கவில்லை, யார் பேசுவது புரியவில்லை என்று அவரையே சொல்லவிட்டுத் திருத்தி அமைக்கச் சொல்லுங்கள். ஒருமுறை போய்ச் சரியாகவில்லை என்றால் மறுபடி போங்கள்.